நித்தியகல்யாணியும் கூம்பு நத்தையும்

"செடியில இருந்து வர்றது ஒண்ணும் பண்ணாது கண்ணு. இந்த மாதிரி பூச்சி புழுவுல இருந்து வர்றதைத்தான் தொடவே கூடாது." எங்கள் அத்தை சொன்ன இந்தப் பேச்சு வருடக்கணக்காக என்னை விடவில்லை. அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, சேலத்தில் கீமோ ஆரம்பித்திருந்த சமயம். அவளைப் பார்க்க அழகாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் அத்தை. புத்தக அலமாரியில் ஒரு கூம்பு வடிவச் சிப்பி ஓடு இருந்தது. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, ஏற்காட்டில் ஏரிக்கரைக் கடை ஒன்றில் வாங்கியது. அது விஷ நத்தையின் ஓடு என்று எப்போதோ நான் சொன்னது அத்தைக்கு நினைவில் இருந்திருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் இது எதற்கு என்று அதை எடுத்துக்கொண்டு போய் வெளியே மதில்மேல் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது, வாசல்படி இடுக்கில் தானாக முளைத்துப் பூத்திருந்த நித்தியகல்யாணியில் ஒரு கை இலை பறித்துக்கொண்டு வந்து, "இதை அரைச்சு வடிகட்டி அரை டம்ளர் குடு. ஆஸ்பத்திரியில போடற மருந்தே இதுதானாம்" என்றார்.

அத்தைக்குத் தெரிந்திருந்த இரண்டு தகவலும் சரி. குழந்தைக்கு வாராவாரம் ஏற்றிய வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்தச் செடியிலிருந்து வருவதுதான். அந்த ஓட்டுக்குள் ஒரு காலத்தில் வாழ்ந்த நத்தை விஷம் உள்ளதுதான். ஆனால் கழுவிக் காய்ந்த காலி ஓட்டில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு கை இலையிலோ, வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே தரைமட்டத்தில் கிடந்த ஒரு குழந்தைக்குள் போகவே கூடாத பொருட்கள் இருந்தன. இலையை வாங்கி வைத்துக்கொண்டேன், கொடுக்கவில்லை. அத்தையிடம் எதிர்வாதம் செய்யவும் அன்று யாருக்கும் தெம்பில்லை. நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். அதனாலேயே இது எனக்குள் ஆறாமல் கிடந்தது. அத்தையின் நினைப்பு அத்தையுடையது மட்டும் இல்லை. பச்சையாக இருப்பது நம்மை ஒன்றும் செய்யாது, ஊர்வது செய்யும் என்கிற நினைப்பு என் வகுப்புப் பிள்ளைகளிடம் இருக்கிறது, படித்த நண்பர்களிடம் இருக்கிறது. அதை அசைத்துப் பார்க்க, ஒரு தோட்டச் செடியையும் ஒரு கடல் நத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சர்க்கரைக்குத் தேடிப் போனவர்கள்

சேலத்தில் நித்தியகல்யாணி இல்லாத தெரு குறைவு. ரோஜா நிறம், வெள்ளை, நடுவில் சிவப்புக் கண் வைத்த வெள்ளை. சுடுகாட்டிலும் பூக்கும், கோயில் நந்தவனத்திலும் பூக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆடு மாடு வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. ஊரெல்லாம் நம் செடி என்று நினைத்தாலும் அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பலேறி வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் வேர்விட்டது. போன இடமெல்லாம் மக்கள் அதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். என் அம்மாவும் சர்க்கரைக்காக அந்தப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்தான். ஜமைக்காவிலும் அதே பழக்கம்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஓர் உறை வருகிறது, உள்ளே இந்தச் செடியின் இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது எங்கள் ஊரில் இதைத்தான் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று அவருடைய நோயாளி ஒருவர் அனுப்பியது. இந்தக் கிளார்க் நோபிள், 1921-ல் பாண்டிங் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்கு உதவியாளராகப் போக வேண்டிய இரண்டு மாணவர்களில் ஒருவர். நாணயம் சுண்டிப் பார்த்ததில் அந்த இடம் சார்லஸ் பெஸ்டுக்குப் போனது என்று சொல்வார்கள். வந்த இலைகளை அவர் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார்.

ராபர்ட் நோபிள் கஷாயத்தை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. ஊசியாக ஏற்றிப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்தன. சாதாரணமாகத் தாங்கக்கூடிய கிருமித் தொற்றுக்கே செத்தன. ஏன் என்று பார்த்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை சுருண்டிருந்தது. இந்த இடத்தில் "பயனில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை என்பதற்காகவே ராபர்ட் நோபிளை எனக்குப் பிடிக்கும். வெள்ளை அணுக்களைக் குறைக்கிற ஒன்று, வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோயில் உதவாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்துகொண்டார். 1958-ல், வின்கிரிஸ்டினுக்கு நெருங்கிய உறவான வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார்கள். அதே சமயம் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்திலும் சர்க்கரைக்காகவே இந்தச் செடியை எடுத்து, அங்கும் சர்க்கரைக்குப் பதில் புற்றுநோய்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே கார்டன் ஸ்வபோடா பிரித்தெடுத்ததுதான் வின்கிரிஸ்டின். 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தது பத்தில் ஒன்று என்றால், இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது. இந்த ஒரு மருந்தால் மட்டும் வந்த மாற்றம் இல்லை, பல மருந்துகள் சேர்ந்து செய்தது. ஆனால் அந்தக் கூட்டில் முதல் நாளிலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பது வின்கிரிஸ்டின்.

அது என்ன செய்கிறது என்று அக்காவுக்கு நான் சொன்னது இப்படித்தான். எங்கள் பாட்டி வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில், பக்கத்து வீடுகளில் தறி. பாவு நூல் கட்டாமல் தறியில் ஒரு முழம்கூட நெய்ய முடியாது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே நூல் கட்டுகிறது. குரோமோசோம்களைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று இழுக்கிற மெல்லிய இழைகள் அவை. அந்த இழைகளுக்கு மூலப்பொருள் டியூபுலின் என்ற புரதம். வின்கிரிஸ்டின் போய் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, இழை உருவாகாது. பிரியத் தொடங்கிய உயிரணு நடுவழியில் நின்று செத்துப்போகிறது. வேகமாகப் பிரியும் புற்று அணுக்களுக்கு அடி அதிகம். ஆனால் நம் நரம்புகளும் அதே புரத இழைகளின் வழியாகத்தான் சத்தை நுனிவரை கொண்டுபோகின்றன, அதனால் அடி அங்கேயும் விழும். சில வாரங்கள் கழித்துக் குழந்தை, "சித்தி, செருப்பு கால்ல நிக்கவே மாட்டேங்குது" என்று சொன்னாள். பாதம் மரத்து, விரல்கள் செருப்பைப் பிடிக்க மறந்திருந்தன. தாடை வலி, மலச்சிக்கல். எல்லாம் அந்த அழகான ஐந்திதழ்ப் பூச்செடியின் கைவேலை.

ஒரு கை இலையில் என்ன இருக்கிறது

"மருந்தே அதுதானே, நேரா குடுத்தா என்ன?" என்று அத்தைக்குப் பிறகும் பலர் கேட்டார்கள். நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை தேவை, ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2000 கிலோ. ஒரு சின்னக் குழந்தைக்கு ஒரு வேளைக்குப் போவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். அப்படியானால் ஒரு ஊசிக்குள் இரண்டு கிலோ சருகு இருக்கிறது. இரண்டு கிலோ சருகுக்கு எத்தனை சாக்குப் பச்சை இலை வேண்டும் என்று விவசாயம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அரை டம்ளர் சாற்றில் வின்கிரிஸ்டின் என்று சொல்லும்படி எதுவும் வராது. வருவது வேறு. இந்தச் செடியில் ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அஜ்மாலிசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே நான்கைந்து மருந்து ஓடிக்கொண்டிருக்கிற உடம்பில், அளவு தெரியாத இத்தனை பொருட்களை ஒன்றாக ஊற்றுவதுதான் அந்த அரை டம்ளர். வின்கிரிஸ்டினையே எடுத்துக்கொண்டாலும் அதை வாய் வழியாக யாரும் கொடுப்பதில்லை. ரத்தக்குழாய்க்குள் சரியாகப் போக வேண்டும். ஊசி நழுவி வெளியே சதையில் கசிந்தால் அந்த இடம் வெந்து புண்ணாகும்.

செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் வியப்பு. இலைக்குள் வின்டோலின், கேத்தரன்தைன் என்று இரண்டு பொருட்கள் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். கேத்தரன்தைன் இலையின் மேற்பரப்பு மெழுகில் பெரும்பாலும் தங்கிவிடுகிறது, வின்டோலின் உள்ளே இருக்கும் அணுக்களில். செடி இரண்டையும் சேரவிடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் சேர்ந்த சரக்கு இவ்வளவு அரிது. தன்னைக் கடிக்க வரும் புழுவுக்காகவும் மேல்பட்டு வளரும் பூஞ்சைக்காகவும் ஓட முடியாத ஒரு செடி செய்துவைத்த ஏற்பாடு இது. நம் வீட்டுக் குழந்தையை நினைத்து அது எதையும் செய்யவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. நமக்காக இல்லாத ஒன்றை மனிதர்கள் இத்தனை வருடம் உட்கார்ந்து, அளந்து, பிரித்து, ஒரு குழந்தையின் கைக்குழாய் வரை கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மரியாதை கூடுகிறது.

முதுகுக்குப் போகக் கூடாதது, முதுகுக்கு மட்டும் போவது

இந்த வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு விதமாக ஊசி உண்டு. ஒன்று கையில், ரத்தக்குழாயில். இன்னொன்று முதுகில், தண்டுவடத்தைச் சுற்றி ஓடும் நீருக்குள். மூளைப் பக்கம் நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை அப்படிக் கொடுப்பார்கள். முதுகு ஊசி போடும் நாளில் வின்கிரிஸ்டின் போடாததைப் பார்த்து, ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட்டால் குழந்தைக்கு அலைச்சல் குறையுமே என்று அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மருந்து முதுகுக்குப் போகவே கூடாதுங்க. மாறிப் போயிடக் கூடாதுன்னுதான் நாளே தனி, ரூமே தனி." அவர் காட்டிய மருந்து உறையில் ரத்தக்குழாய்க்கு மட்டும், வேறு வழியில் கொடுத்தால் மரணம் என்று அச்சிட்டிருந்தது. ஊசிக்குழலில் இல்லாமல் சின்னப் பையில் கலந்து டிரிப்பாகப் போடுவதும் அதற்காகவே என்றார். பையைக் கொண்டுபோய் யாரும் முதுகில் மாட்ட மாட்டார்கள் அல்லவா.

பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். 1968 முதல் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது, வின்கிரிஸ்டின் முதுகு ஊசியாக மாறிப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டு, ஊசிக்குழலை விட்டுவிட்டுச் சின்னப் பையில் கொடுங்கள் என்றது. ஒரு குழந்தையைக் காப்பாற்றும் அதே மில்லிகிராம், சில அங்குலம் தள்ளி வேறு இடத்தில் போனால் கொல்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை பறித்து வந்த இலைகள் அப்போதும் அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தப் படிப்பின் தொடர்ச்சியில்தான் நத்தை வந்தது. தண்டுவட நீருக்குள் செலுத்தும் மருந்துகள் என்னென்ன என்று தேடிக்கொண்டு போனபோது ஒரு பெயர் நின்றது: ஜிகோனோடைடு. கடுமையான தீராத வலிக்கான மருந்து. தண்டுவட நீருக்குள் மட்டுமே கொடுக்க வேண்டும். ரத்தத்தில் நேராகப் போனால் அழுத்தம் விழுந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கூம்பு நத்தை. மதில்மேல் போய் உட்கார்ந்த அந்த ஓட்டின் இனம். செடி கொடுத்தது முதுகுக்குள் போகவே கூடாது, நத்தை கொடுத்தது முதுகைத் தவிர எங்கும் போகக் கூடாது. ஒன்று நரம்பை வலிக்கவைக்கும், மற்றது வலியை நரம்பிலேயே நிறுத்தும். செடி சாது, நத்தை விஷம் என்று பேசிப் பேசிப் பழகிய எனக்கு, அன்றைக்கு அந்த இரண்டு சொல்லும் உதிர்ந்துவிட்டன. எவ்வளவு, எந்த இடத்தில், யார் கையால் என்ற கேள்விகள்தான் மிஞ்சின.

மெதுவாக நகர்கிறவனின் ஆயுதம்

கூம்பு நத்தைகளில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் மன்னார் வளைகுடாவிலும் பல வகை இருக்கின்றன. புழுவைத் தின்பவை, மற்ற நத்தைகளைத் தின்பவை, மீனைத் தின்பவை என்று மூன்று கூட்டம். நத்தை மீனைப் பிடிப்பதா என்று வகுப்பில் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். துரத்திப் பிடிக்க முடியாதவன் ஒரே அடியில் விழவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரை நீந்திப் போய்விடும். நத்தைகளுக்கு நாக்கில் வரிசையாக இருக்கும் பல்லில் ஒன்று, இதற்கு உள்ளே துளையுள்ள ஈட்டியாக மாறியிருக்கிறது. நீளும் குழல் ஒன்றின் நுனியில் அந்த ஈட்டியை வைத்துக் குத்தும். கணப்பொழுதில் மீன் விறைக்கும். விஷத்தில் ஒரு பொருள் இல்லை, ஒவ்வோர் இனத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்னப் புரதத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் நரம்பில் ஒரு குறிப்பிட்ட வாசல்தான் குறி. இவற்றில் பெரிய ஜியோகிராபஸ் என்ற இனம் குத்தி மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். ஆகவே உயிரோடு இருக்கும் கூம்பு நத்தையைக் கையில் எடுக்கக் கூடாது என்பதில் அத்தையின் பயம் முழுக்கச் சரி. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போகும் பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

பால்டொமெரோ ஒலிவெரா பிலிப்பைன்ஸ்காரர். சின்ன வயதில் சிப்பி பொறுக்கியவர். அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆய்வு செய்துவிட்டு ஊர் திரும்பினால், அந்த ஆய்வைத் தொடரக் கருவி இல்லை. இங்கே கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கையில் இருந்தது கூம்பு நத்தை. லூர்தெஸ் குரூஸும் அவரும் அதன் விஷத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு அவர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போன இடத்தில், பள்ளி முடித்து வந்திருந்த மைக்கேல் மக்கின்டோஷ் என்ற இளைஞர், கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் விஷத்திலிருந்து 25 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டைப் பிரித்தெடுத்தார். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் கால்சிய வாசல் ஒன்றை அது அடைக்கிறது என்று தெரிந்தது. அதே துண்டை ஆய்வுக்கூடத்தில் அப்படியே கட்டி, 2004 டிசம்பரில் ஜிகோனோடைடு என்ற மருந்தாக அனுமதி வாங்கினார்கள். மார்பின் போல உடம்புக்குப் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. அளவு மைக்ரோகிராம் கணக்கு, நாளைக்கு 2.4 அல்லது அதற்கும் கீழே தொடங்குவார்கள். வயிற்றுத் தோலுக்குள் பதிக்கிற ஒரு பம்பிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும். குழப்பம், மனப்பிரமை வரலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும். எல்லோருக்கும் ஆன மருந்து இல்லை. வேறெதுவும் கேட்காத வலிக்கு.

நியாயமாகப் பார்த்தால் செடியைவிட நத்தை நம்மிடம் வாங்கியது குறைவு. அதன் விஷத் துண்டு 25 மணி கோத்த சின்ன மாலை, வரிசை தெரிந்த பிறகு ஆய்வுக்கூடமே கோத்துவிடுகிறது. அந்த மருந்துக்காக இன்று ஒரு நத்தைகூடச் சாக வேண்டியதில்லை. வின்கிரிஸ்டின் அப்படி இல்லை. அதன் மூலக்கூறு அவ்வளவு சிக்கல். இன்னமும் வயலில் விளைந்து, காய்ந்து, மூட்டையாகி வந்துதான் மருந்தாகிறது. நம் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகவே போடுகிறார்கள். மழை பொய்த்தாலும் கைவிடாத பயிர். 2022-ல் ஜே கீஸ்லிங் என்ற விஞ்ஞானியின் குழு, ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி அதற்குள்ளேயே வின்டோலினையும் கேத்தரன்தைனையும் உண்டாக்கி, இரண்டையும் வேதியியல் முறையில் இணைத்து வின்பிளாஸ்டின் செய்து காட்டியது. உலகத்தில் எங்கோ மருந்துத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வாரக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைகளை நினைத்தால் அது நல்ல செய்தி. அந்த மானாவாரி விவசாயியை நினைத்தால் முழு மனதோடு கொண்டாட எனக்கு முடியவில்லை. இரண்டும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நித்தியகல்யாணியை நாம் இழக்க மாட்டோம். சாக்கடை ஓரத்திலும் முளைக்கும். கூம்பு நத்தையை இழக்க முடியும். பவளப்பாறையும் அதைச் சுற்றிய மணலும் அதன் வீடு. மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா இருந்தும் பவளப்பாறைகள் சூடான கோடைகளில் வெளுக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராமின் குழு நம் கடலோரத்து கோனஸ் அமாடிஸ் நத்தையின் விஷத் துண்டுகளைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறது. ஆனால் எல்லா இனங்களையும் சேர்த்தால் இலட்சத்தை எட்டும் துண்டுகளில் மனிதர்கள் பார்த்தது மிகச் சில. மீதியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் அழகுப்பொருளாகக் கூடையில் குவித்து, கடலே இல்லாத மலைமேல், 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி விற்றுக்கொண்டிருக்கிறோம். நானும் அங்கே வாங்கியவள்தான். இப்போது ஏற்காடு போனால் காபியும் மிளகும் வாங்குகிறேன்.

நத்தையின் இன்சுலின்

கடைசியாக ஒன்று. 2015-ல் யூட்டாவில் ஹெலினா சஃபாவி-ஹெமாமியும் ஒலிவெராவும் அடங்கிய குழு, ஜியோகிராபஸ் நத்தையின் விஷத்தில் இன்சுலின் இருப்பதைக் கண்டுபிடித்தது. நத்தை தன் உடம்புக்கு வைத்திருக்கும் இன்சுலின் இல்லை, மீனின் இன்சுலினை ஒத்தது, ஆயுதமாகவே செய்யப்பட்டது. இந்த நத்தை சின்ன மீன்கள் இருக்கும் இடத்தில் வாயை அகல விரித்துத் தண்ணீரில் அதைக் கலந்துவிடுகிறது. செவுள் வழியாக உள்ளே போனதும் மீனுக்கு ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்குகிறது. நீந்தத் தெம்பில்லாமல் தள்ளாடும் மீன்களை அப்படியே வாய்க்குள் மூடிக்கொள்கிறது. சர்க்கரைக்கு மருந்து தேடி நித்தியகல்யாணியிடம் போனவர்களுக்கு அது வேறொன்றைக் கொடுத்து அனுப்பியது. அவர்கள் தேடியதை, யாரும் கேட்காமலே, நத்தை விஷப்பைக்குள் வைத்திருந்திருக்கிறது.

இதை நான் முதலில் சொன்னது அம்மாவிடம்தான். பூவைக் கொதிக்கவைத்த காலமெல்லாம் போய், அம்மா இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். போட்டால் அரைமணி நேரம் பொறுத்துத்தான் சாப்பிட வேண்டும். நம் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும், பிரிந்தால்தான் வேலை செய்யும், அதற்குத்தான் அந்த அரைமணி. நத்தையின் இன்சுலினில் அப்படிக் கட்டிப்பிடிக்கிற வால் பகுதியே இல்லை. மீன் தப்பிப்பதற்குள் வேலை ஆக வேண்டுமே. 2020-ல் அந்த அமைப்பைப் பார்த்து மனித இன்சுலினைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள், எலிகளிடம் அது வேலை செய்தது. மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். மீன் மயங்குகிற இடத்தைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "அது வந்தா, ஊசியைப் போட்டுட்டு உடனே சோத்துல கை வைக்கலாமா?"

வைக்கலாம்மா என்றேன்.